தொழுகை வேறு, தராசு வேறா?

 

சென்ற ஜும்ஆவில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்திய பேச்சை இங்கே எழுத்தில் முழுமையாகத் தருகிறேன். மிம்பரில் நிற்கும்போது குத்பாவுக்கு முன் கிடைப்பது இருபது நிமிடம்தான். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்கும் தெரியும். இதைப் படிக்கும்போது அந்த அவசரம் உங்களுக்கு வேண்டாம்.

நம் திருவேற்காட்டில் கூவம் ஆற்றை ஒட்டிய தெருக்களில் விடியற்காலையில் சாக்குப்பையோடு நடக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அட்டைப்பெட்டி, பாட்டில், பழைய இரும்பு என்று பொறுக்கிக் கொண்டுபோய் காயலான் கடையில் போடுவார்கள். அப்படி ஒரு அம்மா, முஸ்லிம் அல்லாதவர், சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து எல்லாரும் போன பிறகும் பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். ஸதகா கேட்க வந்தவர் என்று நினைத்து நான் சட்டைப்பையில் கை விட்டேன். அவர் கையை ஆட்டினார்.

"காசு வோணாம் பாய். உங்காளு கடைல பத்து கிலோ அட்டை எடுத்துனு போனா ஏழுன்றாரு. அதையே வேற கடைல போட்டா ஒம்போதரை வருது. அந்தக் கடை ரொம்ப தூரம், என்னால தூக்கினு நடக்க முடியல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"சொல்கிறேன்மா" என்றேன். சொல்லவில்லை. மூன்று ஜும்ஆ கழிந்தது. ஏன் சொல்லவில்லை? அந்தக் கடைக்காரர் முதல் ஸஃப்பில் நிற்பவர். பள்ளியின் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பணம் கொடுத்தவர். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு ஒரு நாள் முழுச் செலவையும் ஏற்பவர். என் சம்பளம் வருகிற உண்டியலில் அவர் பணமும் இருக்கிறது. இதையெல்லாம் நான் வெளிப்படையாக யோசிக்கவில்லை, ஆனால் என் நாக்கு யோசித்திருக்கிறது.

நான்காவது வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கோபப்படவில்லை, சிரித்தார். "ஹஜ்ரத், தொழுகை வேற, தொழில் வேற. ஈரம், மண்ணு, கல்லு எல்லாம் கழிச்சுத்தான் எடை போடணும். இது உங்களுக்குப் புரியாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எதிர்த்துப் பேசியதால் அல்ல. இதே பதிலை நான் அரபுக் கல்லூரியில் ஓதியிருக்கிறேன். ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன் வாசிகளிடம் அளவையிலும் நிறுவையிலும் குறைக்காதீர்கள் என்று சொன்னபோது, அந்த மக்கள் திருப்பிக் கேட்டது இதுதானே? எங்கள் பொருளில் எங்கள் விருப்பப்படி நடக்கக் கூடாது என்று உமது தொழுகையா சொல்கிறது என்ற பொருளில் அவர்கள் ஏளனமாகக் கேட்டதை சூரா ஹூதில் அல்லாஹ் பதிவு செய்திருக்கிறான். மத்யன் வணிகப் பாதையில் இருந்த ஊர். ஒட்டகக் கூட்டங்கள் கடந்துபோகும் இடம். தெய்வ வணக்கம் அங்கே இல்லாமல் இல்லை. வணங்குவது ஒரு பக்கம், வாணிபம் ஒரு பக்கம் என்று பிரித்துவைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினையைத்தான் ஒரு நபி வந்து உடைத்தார்.

அப்படியானால் தீனையும் வியாபாரத்தையும் அரசையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்த இடத்தில்தான் நாம் அவசரப்படக் கூடாது. பழைய பேரரசுகள் இவை மூன்றையும் சேர்த்தே வைத்திருந்தன. எப்படிச் சேர்த்தன, சேர்ந்த இடத்தில் ஏழைக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால்தான் நம் கேள்விக்கு வழி பிறக்கும். ரோமுக்கும் காயலான் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோமர்களின் அரசுக் கருவூலம் சனி தெய்வத்தின் கோயிலில் இருந்தது. காசு அடிக்கும் சாலை ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருந்தது. ஆங்கிலத்தில் பணத்துக்கு 'மணி' என்கிறார்களே, அந்தச் சொல்லே அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். இதில் ஒரு நியாயமும் இருந்தது. கடவுளின் கூரைக்குக் கீழே திருட மனிதன் அஞ்சுவான். அந்த அச்சத்தை அரசு பாதுகாப்பாகப் பயன்படுத்தியது.

அந்த ரோம் நம் கரைக்கும் வந்தது. சேர நாட்டு முசிறியில் யவனர் கப்பல்கள் தங்கம் கொடுத்து மிளகு வாங்கிப் போனதைச் சங்க இலக்கியம் சொல்கிறது. ரோமர்களின் பழைய பாதை வரைபடம் ஒன்றில் முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்று குறித்திருக்கிறார்கள். அகஸ்டஸ் யார்? அவர்களின் சக்கரவர்த்தி. கடல் கடந்து மிளகு வாங்க வந்த இடத்தில் மன்னனையே தெய்வமாக்கிக் கோயில். அரசு, மதம், வணிகம் மூன்றும் ஒரே கட்டடத்தில்.

முசிறி வணிகம் பற்றிய ஒரு கடன் ஒப்பந்தம் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்டது, இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பின்பக்கத்தில் ஹெர்மபோலான் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது: கங்கைக் கரையின் சடாமாஞ்சி, யானைத் தந்தம், துணி. மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். எகிப்துக்குள் நுழையும்போது அரசுக்குக் கட்டவேண்டிய சுங்கம் 25 சதவீதம், அதாவது நான்கில் ஒரு பங்கு. செங்கடல் கரையிலிருந்து பாலைவனம் வழியாக ஒட்டகத்தில், பிறகு நைல் நதியில் படகில், அலெக்சாண்டிரியா வரை சரக்கு எப்படிப் போக வேண்டும், எங்கே பூட்டி முத்திரையிட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. கடன் கொடுத்தவன் பாதுகாக்கப்படுகிறான், அரசின் பங்கு பாதுகாக்கப்படுகிறது. மலையில் மிளகு பறித்தவனுக்கு என்ன எடை போட்டார்கள்? அந்தத் தாளில் அவன் இல்லை.

நம் பூம்புகாரிலும் சோழனின் புலி முத்திரை குத்தாமல் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது என்பதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கூடவே, கூடுதலாக வாங்காத, குறைத்துக் கொடுக்காத வணிகர்கள் என்று அந்த ஊராரை அது புகழவும் செய்கிறது. இஸ்லாம் இந்த மண்ணுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தராசின் ஒழுக்கம் இங்கே பேசப்பட்டிருக்கிறது என்பதை நாம் மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றும் சேர்ந்ததன் கொடிய முகத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கக் கடலில் டெலோஸ் என்று ஒரு சிறு தீவு. அப்பல்லோ தெய்வம் பிறந்த இடம் என்று புனிதமாகக் கருதப்பட்டது. கி.மு. 166இல் ரோம் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தது. புனிதத் தீவு என்பதால் பாதுகாப்பு, சுங்கம் இல்லை என்பதால் லாபம். எந்தச் சரக்கு அங்கே குவிந்தது தெரியுமா? மனிதர்கள். ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி விற்று ஏற்றி அனுப்பும் வசதி அங்கே இருந்தது என்று ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர் எழுதியிருக்கிறார். கோயில் இருந்தது, சட்டம் இருந்தது, சந்தை இருந்தது. சங்கிலியில் நின்றவன் யாரிடம் போய் முறையிடுவான்? கோயிலும் சந்தையோடு, அரசும் சந்தையோடு.

நம் நாட்டு அர்த்தசாஸ்திரம் ஒளிவுமறைவு இல்லாத நூல். கருவூலம் காலியானால் அரசன் என்ன செய்யலாம் என்ற அத்தியாயத்தில், இரவோடு இரவாக ஒரு தெய்வச் சிலையைத் தோன்றச் செய்து, திருவிழா கூட்டி, வருகிற காணிக்கையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்கிறது. அதே நூல்தான் கள்ளத் தராசுக்கு அபராதமும் விதிக்கிறது. சந்தையில் எடையைச் சரிபார்க்கிற அதே அரசு, பக்தியை எடைபோட்டு விற்கவும் தயாராக இருந்திருக்கிறது.

எனவே சகோதரர்களே, மதத்தைச் சந்தையோடு சேர்த்தால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. என் மனதில் உறுத்துகிற கேள்வி வேறு. தராசு யார் கையில் இருக்கிறது? அதைச் சரிபார்க்கிறவர் யார்? சரிபார்க்கிறவருக்குச் சோறு போடுகிறவர் யார்?

இந்தக் கேள்வியோடு நம் தென்கரைக்கு வாருங்கள். கேரளத்தின் கொல்லம் துறைமுகம், கி.பி. 849. சேர மன்னர் ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் திருவடிகள், மார் சபீர் ஈசோ என்ற கிறிஸ்தவ வணிகத் தலைவர் கட்டிய தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குச் செப்பேடு எழுதிக் கொடுக்கிறார். வட்டெழுத்தில் இருக்கும் அந்தச் செப்பேட்டைப் பற்றிப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் நகரத்தின் எடைக் கருவிகளின் பொறுப்பை அரசர் அந்த தேவாலயத்தாரிடம் ஒப்படைக்கிறார். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்கள் அந்த தேவாலயத்துக்குப் பாதுகாவல்.

சாட்சிக் கையெழுத்துகள்தான் இன்னும் வியப்பு. ஹிந்து அரசர் கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கொடுத்த பட்டயத்தில் கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்களின் ஒப்பங்கள் இருக்கின்றன. பஹ்லவி எழுத்தில் பாரசீகர்களின் ஒப்பங்களும், ஹீப்ரு எழுத்தில் யூதர்களின் ஒப்பங்களும் இருக்கின்றன. மைமூன் பின் இப்ராஹீம், இஸ்மாயீல் பின் யஅகூப் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்கள். நபி (ஸல்) அவர்கள் மறைந்து சுமார் 217 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த முஸ்லிம் வணிகர்கள், வேறு மார்க்கத்தாரின் வழிபாட்டு இடம் நகரத்தின் எடைக்குப் பொறுப்பேற்பதை ஏற்றுச் சாட்சி போட்டிருக்கிறார்கள். எடை சரியாக இருந்தால் போதும், அதைப் பிடிப்பவன் நம் ஆள்தானா என்று பார்க்கவில்லை.

இதை மேடையில் சொன்னால் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்பீர்கள். மத நல்லிணக்க மாநாடுகளில் இதோடு நிறுத்திக்கொள்வதும் வழக்கம். ஆனால் அதே செப்பேட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ஈழவர் குடும்பங்களும் வண்ணார் குடும்பமும் அந்த ஆலயத்துக்கு உரியவர்களாக எழுதிக் கொடுக்கப்படுகிறார்கள். சில வரிகளிலிருந்து அவர்களுக்கு விலக்கும் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் நிலத்தோடும் தராசோடும் சேர்த்து மனிதர்களும் கைமாறுகிறார்கள். நான்கு மார்க்கத்தார் ஒப்பமிட்ட அந்த ஏட்டில் அவர்களுடைய ஒப்பம் ஒன்றுகூட இல்லை. அன்றைய உலக வழக்கம் அது என்று சொல்லலாம். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்ற அந்த அம்மாவின் முகம் குறுக்கே வந்தது.

மக்காவும் இதற்கு விலக்கல்ல. நபித்துவத்துக்கு முந்தைய மக்காவைச் சொல்கிறேன். குறைஷிகளின் குளிர்காலப் பயணம், கோடைகாலப் பயணம் பற்றி சூரா குறைஷை நாம் அன்றாடம் ஓதுகிறோம். கஅபாவின் காவலர்கள் என்ற மரியாதையால்தான் பாலைவனக் கொள்ளையர்கள் அவர்களை விட்டுவைத்தார்கள். அந்த மரியாதையே அவர்களின் முதலீடு. அரசன் இல்லாத ஊர். குலத் தலைவர்களே அரசு, அவர்களே ஆலயக் காவலர், அவர்களே மொத்த வியாபாரிகள்.

அங்கே யமனிலிருந்து ஸுபைத் குலத்து வணிகர் ஒருவர் சரக்கு கொண்டுவந்தார். ஆஸ் பின் வாயில் என்ற பெரிய மனிதர் வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். வந்தவர் ஒவ்வொரு குலத்தாரிடமும் போய்ப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஆஸைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. கடைசியில் அவர் அபூகுபைஸ் மலையில் ஏறி, கஅபாவைச் சுற்றிக் குறைஷிகள் உட்கார்ந்திருந்த நேரத்தில், தனக்கு நடந்த அநியாயத்தை உரக்கக் கூவினார். அப்போதுதான் சிலருக்கு உறைத்தது. அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் கூடி, மக்காவில் அநியாயம் செய்யப்பட்டவன் உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ, அவன் உரிமை கிடைக்கும்வரை அவன் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுதூல். பிறகு ஆஸிடம் போய்ச் சரக்கை மீட்டுக் கொடுத்தார்கள். அந்த உடன்படிக்கையில் இளைஞராக இருந்த நம் நபி (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். நபியான பிறகும் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்து, இப்போது அழைத்தாலும் வருவேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

இதைக் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் அப்போது முஸ்லிம்கள் அல்லர். ஏமாற்றப்பட்டவர் வெளியூர்க்காரர், மக்காவில் அவருக்குக் கேட்பாரில்லை. ஏமாற்றியவர் உள்ளூர்ப் பிரமுகர், கஅபாவின் நிழலில் உட்காருகிறவர். நபி (ஸல்) அவர்கள் நின்ற பக்கம் எது?

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. மற்றவர்களின் வரலாற்றில் குறை தேடுவது எளிது. நம் சொந்தக் கணக்கேட்டையும் திறந்து பார்ப்போம்.

பழைய சாமான் கடைக்குச் சென்னையில் ஏன் காயலான் கடை என்று பெயர்? காயல்காரர்கள் அந்தத் தொழிலைச் செய்ததால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காயல் ஒரு காலத்தில் உலகறிந்த துறைமுகம். தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில், பாண்டியப் பேரரசின் வாசலாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரைகள் வந்து இறங்கும். பாண்டியர்களுக்குப் படைக்குக் குதிரை வேண்டும், இந்த மண்ணில் நல்ல குதிரை வளராது. வாஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் கணக்குத் தருகிறார்: ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒவ்வொன்றும் 220 தீனார் பொன். தொலைவிலிருந்து எழுதியவர், எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தின் தன்மை தெளிவாகத் தெரிகிறது. கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் குதிரை அனுப்புகிறார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக இருக்கிறார், காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில். விற்பவரின் தம்பி வாங்குகிற அரசின் அமைச்சர்! வழியில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு. சீனாவிலிருந்து வரும் சரக்கில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுடைய ஆட்களுக்குத்தான். அவர்கள் எடுத்த மிச்சம்தான் மற்றவர்களுக்கு.

இவ்வளவு பொன்னை யார் கொடுத்தது? அரசுக் கருவூலம் அல்ல என்கிறார் வாஸ்ஸாஃப். ஹிந்துக் கோயில்களின் நிலங்களிலிருந்து வந்த வருமானமும், கோயில்களைச் சார்ந்திருந்த தேவரடியார்கள் மீது போட்ட வரியும்தான் குதிரைக்குப் போயின என்று எழுதுகிறார். அரசன், ஆலயம், வணிகன். இந்த முறை வணிகன் நம் ஆள். ஐந்து வேளை தொழுகிறவன்.

மார்க்கோ போலோ இன்னொன்று சொல்கிறார். இங்கே வந்த குதிரைகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் செத்துவிடும். குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் போட்டார்களாம், பாவம், அது என்ன செய்யும்? லாடம் கட்டத் தெரிந்தவர், வைத்தியம் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டிவரவும் இல்லை, வரவிடவும் இல்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்!

இதில் கள்ளத் தராசு எங்கே இருக்கிறது? எண்ணிக் கொடுத்தார்கள், சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள், பத்திரம் சரியாக இருந்தது. ஒரு முஃப்தியிடம் கேட்டிருந்தால் விற்பனை செல்லும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் தெரிந்ததை மறைத்து, வாங்குகிறவனின் அறியாமையிலேயே லாபம் வைத்தார்கள். மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் கை விட்டது மூட்டையின் அடியில். மேலே எல்லாம் உலர்ந்துதான் இருந்தது.

அன்று காயலில் பள்ளிவாசல்கள் இருந்திருக்கும், இமாம்கள் இருந்திருப்பார்கள். குதிரைக்காரர்களின் நன்கொடையில்தான் எண்ணெய் விளக்கு எரிந்திருக்கும். யாராவது ஓர் இமாம் மிம்பரில் ஏறி, ஒரு லாடக்காரனை அனுப்புங்களப்பா என்று சொல்லியிருப்பாரா? எனக்குத் தெரிந்தது என் கதைதான். நான் மூன்று ஜும்ஆ வாய் திறக்கவில்லை.

இன்று அரசு தராசைத் தன் கையில் எடுத்திருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 இருக்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் தராசைச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. உங்களில் கடை வைத்திருப்பவர்கள் முத்திரை புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். ஆனால் முத்திரையிட்ட எலக்ட்ரானிக் தராசிலும் ஈரம், மண் என்று வாயால் கழிக்க முடியும். சாக்கோடு நிற்கிற அம்மா தொழிலாளர் துறை அலுவலகத்தைத் தேடிப் போகமாட்டார். அவர் வந்தது நம் கேட்டுக்கு. தொழுகிற மனிதன் தொழுகிற மனிதன் சொன்னால் கேட்பான் என்று நம்பி வந்தார். தொழுகைக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைக்காரர் யார் என்று தயவுசெய்து தேடாதீர்கள், அது பாவத்தில் போய் முடியும். பெயர் இல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். சிரித்துவிட்டுப் போன அவர் இரண்டு வாரம் எனக்கு ஸலாம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் இஷா முடிந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒரு கவர்.

"ஹஜ்ரத், கணக்குப் பாத்தேன். எத்தனை பேரு, எவ்வளவுன்னு சரியா தெரியல. ஒரு குத்துமதிப்பா இதுல வெச்சிருக்கேன். பள்ளிக்கு எடுத்துக்கோங்க. ஒளூ செய்ற இடத்துல டைல்ஸ் போடணும்னு சொல்லிட்டு இருந்தீங்களே."

கவர் கனமாகத்தான் இருந்தது. டைல்ஸ் உண்மையிலேயே தேவை, போன மழையில் ஒரு பெரியவர் அங்கே வழுக்கி விழுந்தார். என் கை நீண்டதா என்று கேட்டால், நீண்டது. பிறகுதான் பாண்டிய நாட்டுக் குதிரைகள் நினைவுக்கு வந்தன. உரியவர் யாரென்றே தெரியாவிட்டால்தான் அவர் பெயரில் தர்மம் செய்யலாம் என்பது சட்டம். இங்கே உரியவர் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு சாக்கோடு அவர் கடைக்கே வருகிறார்.

"இது பள்ளியோட பணம் இல்லை அத்தா" என்றேன்.

"அந்தம்மாகிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன்? அதுவும் அவங்க மட்டும் இல்லையே, இன்னும் ஏழெட்டுப் பேரு இருக்காங்க."

"நானும் வர்றேன். நானும் மூணு வாரம் பாக்கி வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை ஃபஜ்ர் முடிந்து இருவரும் போனோம். அந்த அம்மா வந்து சாக்கை இறக்கினார். அட்டை ஒன்பது கிலோ எழுநூறு. அவர் எண்ணை இருமுறை பார்த்தார். கடைக்காரர் அந்த எடைக்குப் பணம் கொடுத்தார், பிறகு தனியாக ஒரு தொகையை எடுத்து நீட்டி, "இது பழைய பாக்கிம்மா" என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

அந்த அம்மா பணத்தை வாங்கி, நிதானமாக எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மல்லிகாவுக்கும் இருக்குதா? அது இப்ப காலு ஒடம்பு சரியில்லாம ஊட்லயே இருக்குது" என்று கேட்டார்.

மல்லிகா யார் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. அந்த அம்மா முன்னால் நடந்தார், நாங்கள் இருவரும் ஆற்றோரமாக அவர் பின்னால் போனோம்.